ஏழாம் மிதவையில் 25.8

25.8 என்ற எண்ணை நான் நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஏழாம் மிதவை கரையிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்பது. அதன் அடியில் தண்ணீருக்குள் தொங்கும் சென்சார்கள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடலின் வெப்பநிலையை அனுப்பும். அந்த எண்கள் எங்கள் அலுவலகத்தில் என் திரைக்கு வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான் ஒரு குறி போட வேண்டும். ஒன்று என்றால் நல்ல எண். மூன்று என்றால் சந்தேகம். நான்கு என்றால் கெட்டது. நான்கு போட்ட எண் புயல் முன்னறிவிப்பு அறைக்குப் போகாது. அதே சென்சாரிலிருந்து அதற்குப் பிறகு வருபவையும் தானாகவே நான்கு ஆகிவிடும். இதுதான் என் வேலை. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

முந்தின நாள் 30.1. அன்று காலை ஒன்பது மணிக்கு 29.2. பன்னிரண்டு மணிக்கு 27.1. இப்போது 25.8.

கடல் அப்படியெல்லாம் சட்டென்று இறங்காது. ஒரு நாளில் அரை டிகிரி மாறினாலே அதிகம். மிதவைக்குப் பக்கத்தில் புயல் ஒன்று ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அலுவலகமே அன்று அதைப் பற்றித்தான் பேசியது. இருந்தும் அந்த எண்ணைப் பார்த்ததும் புயல் என் நினைவுக்கு வரவில்லை. அப்பாதான் வந்தார்.

நான்கு போட்டேன்.

பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடலாம். எல்லோரும் காலியாகத்தான் விடுவார்கள். நான் தட்டினேன்: 'காலிபரேஷன் பிழையாக இருக்கலாம்.'

சென்சார்களைக் கடலுக்கு அனுப்பும் முன் பட்டறையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துச் சரிபார்ப்பார்கள். தொட்டித் தண்ணீரை ஒரு குறிப்பிட்ட சூட்டில் நிறுத்தி, சென்சார் அதே எண்ணைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் காலிபரேஷன். எங்கள் அலுவலகத்தில் அதைச் செய்பவர் ஒரே ஒருவர். பத்தொன்பது வருடமாகத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் பட்டறையில் எல்லோரும் அவரைத் தொட்டி அண்ணன் என்பார்கள். அவர் என் அப்பா.

அது தரவுப் பிரிவில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அப்பாவின் ஸ்கூட்டரில்தான் போனேன். அலுவலகத்துக்கு முந்தின திருப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். "இங்கேருந்து நடந்து வந்துடறேன்பா" என்றேன். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் நான் சொல்லாமலேயே அந்தக் கடை வாசலில் வண்டி நின்றது. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் நடைபாதையில் எதிரே வந்தவர், என்னோடு வேறு ஆட்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, "வணக்கம் மேடம்" என்று ஒதுங்கி வழிவிட்டார். அவருடைய சட்டைக் கைகள் முழங்கை வரை நனைந்திருந்தன. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எட்டு மாதம் அப்படித்தான் போனது.

வியாழக்கிழமை புயல் கரைக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூட அதிகம். மிகக் கடுமையான புயல் என்று அறிவித்திருந்தார்கள். கரையோரத்தில் நான்காயிரம் பேரைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். கடைசியில் நல்ல மழையும் நாலு முறிந்த கிளையுமாக முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை டீ எடுக்கப் போனபோது முன்னறிவிப்பாளர் அங்கே புலம்பிக்கொண்டிருந்தார். பெரிய உருவம், பெரிய குரல்.

"காய்கறிக்காரர் கேக்கறார், 'உங்க புயல் பஸ்ஸ விட்டுடுச்சா சார்?'ன்னு. வீட்ல என் பொண்டாட்டி கேக்கறா, 'இனிமே மொட்டை மாடில துணி காயப்போடலாமா, இல்ல உங்களக் கேக்கணுமா?'ன்னு."

யாரோ சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. எனக்கு ஒண்ணுதான் புரியல. புயலுக்குச் சோறே சூடான தண்ணிதான். முப்பது டிகிரிக் கடல், இலை போட்டுப் பரிமாறின மாதிரி. அதுல உக்காந்துகிட்டு எப்படிய்யா பட்டினி கிடந்து செத்துச்சு?"

டீக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

கல்லூரியில் கடைசி வருடத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. புயல் கடந்துபோகும் இடத்தில் கடலின் மேற்பரப்பு ஏன் குளிர்கிறது? நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கடலின் சூடு மேலே ஒரு போர்வை மாதிரிதான் இருக்கிறது. அடியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். புயல்காற்று கடலைக் கலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவருகிறது. புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு நேரம் ஒரே இடத்தைக் கலக்கும். கடைசியில் தான் கிளறிவிட்ட குளிரிலேயே அதன் பலம் குறைந்துபோகும். படம்கூட வரைந்தேன். பத்துக்கு ஒன்பது.

ஏழாம் மிதவையில் சென்சார் ஒன்று மட்டும் இல்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று. முன்னறிவிப்பு அறைக்குப் போவது ஒரு மீட்டர் எண் மட்டும்தான்; கீழே இருப்பவை வேறு பக்கத்தில் வரும். செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. இப்போது திறந்தேன்.

செவ்வாய், மூன்று மணி. இருபது மீட்டரில் 25.8. நாற்பது மீட்டரில் 25.8.

மூன்று சென்சார்கள். மூன்றும் ஒரே எண். திங்கட்கிழமை அவற்றுக்குள் ஆறு டிகிரி வித்தியாசம் இருந்தது. ஒரு டம்ளர் மாதிரி கடல் மேலிருந்து கீழ்வரை கலங்கி ஒன்றாகியிருந்தது. மேகம் விலகி அன்றுதான் செயற்கைக்கோள் படமும் வந்திருந்தது. புயல் போன பாதை நெடுக கடலில் ஒரு நீலப் பட்டை. குளிர்ந்த தண்ணீர். ஏழாம் மிதவை அதன் நடுவில் நின்றது.

அப்பாவின் சென்சார் சரியாகச் சொல்லியிருந்தது. மேகத்துக்கு அடியில் கடலின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். அதன் வாயை நான் பொத்திவிட்டேன். முன்னறிவிப்பு அறையின் கணினி, நான்கு விழுந்த நாளின் எண்களை மொத்தமாக விட்டுவிட்டு, திங்கட்கிழமையின் 30.1ஐயே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறது.

குறியை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் பழைய குறி அழியாது. அதன் கீழே புதியது வரும், யார், எப்போது என்ற விவரத்தோடு. 'காலிபரேஷன் பிழையாக இருக்கலாம்' என்பதும் அங்கேயே இருக்கும். யாரும் எழுதாத கட்டத்தில் நான் மட்டும் எழுதியது.

திங்கட்கிழமை மாற்றலாம் என்று திரையை மூடினேன்.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்ததும் காலிபரேஷன் பதிவேட்டை மேசைமேல் வைத்தார்.

"என்ன, ஆபீஸையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றாள் அம்மா.

"ஏழாம் மிதவை சென்சார் தப்பா காட்டுதாம். புயல் கணிப்பு ஏன் தப்பாச்சுன்னு தேடினப்ப, காலிபரேஷன்ல பிழைன்னு குறிப்பு இருந்துச்சாம். செவ்வாக்கிழமை மீட்டிங் வச்சிருக்காங்க."

"யாரு சொன்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"வேற யாரு, உன் பொண்ணுதான் கண்டுபிடிச்சிருக்கா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி எலிக்குட்டி, வீட்ல வாயே திறக்கமாட்டே. அங்க போயி அப்பாவுக்கே ஆப்பு வச்சியா?"

"அவ வேலைய அவ பாக்கறா" என்றார் அப்பா. "நம்ம பொண்ணுன்னு விட்டுட முடியுமா? எங்க தப்பு நடந்துச்சுன்னு நான்தான் பாக்கணும்."

"போன வாரம் வண்டிச் சாவிய ஃபிரிட்ஜுக்குள்ள வச்சுட்டு ரெண்டு மணி நேரம் தேடினவராச்சே. சென்சாரை எங்க வச்சீங்களோ."

அம்மா விளையாட்டாகச் சொன்னாள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான்கு போட்டபோது என் மனதில் அந்தச் சாவிதான் இருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது. அப்பா தொழிற்பயிற்சி மட்டும் படித்தவர். ஈரச் சட்டையோடு நிற்பவர். தப்பு செய்திருப்பார் என்று நம்ப எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அப்பா" என்றேன்.

"சொல்லுமா."

"ஒண்ணுமில்ல."

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் அவர் பதிவேட்டைப் புரட்டினார். தேதி, தொட்டியின் சூடு, சென்சார் சொன்னது. பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அவர் முகம் வாடியது. நான் சொன்ன தப்பை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான்கு மணி வாக்கில், "ஆ, இதோ" என்றார். கிட்டத்தட்ட சந்தோஷமாகச் சொன்னார். "அன்னைக்கு ரெண்டு தடவ கரண்ட் போயிருக்கு. தொட்டி சூடு நிலைக்கு வர்றதுக்குள்ள அளவு எடுத்திருப்பேன் போல."

"எடுத்தீங்களாப்பா?"

"ஞாபகமில்ல. எடுத்திருக்கணும். இல்லன்னா எப்படித் தப்பு வரும்?"

பிறகு எழுந்துபோய் அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பையைத் திறந்தார். வருடத்துக்கு ஒருமுறை மிதவைகளைப் பராமரிக்கக் கப்பல் போகும். எட்டு நாள் கழித்து, திங்கட்கிழமை புறப்பாடு. அப்பா ஒரு மாதம் முன்பே பையைக் கட்டிவிடுவார். மழைக்கோட்டு, இரண்டு ஜோடிக் கையுறை, வாந்தி மாத்திரை. அவருக்கு வாந்தி வராது, புதிதாக வருபவர்களுக்காக எடுத்துப் போவார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைத்தார்.

"ஏன் எடுக்கறீங்க?" என்றாள் அம்மா.

"என்னை அனுப்பமாட்டாங்க. தப்பா காலிபரேட் பண்ணவனை எப்படி அனுப்புவாங்க?"

அம்மாவுக்கு இந்த முறை விளையாட்டுப் பேச்சு வரவில்லை. "வருஷத்துல அந்தப் பத்து நாள்தான் மனுஷன் சிரிச்ச முகமா திரும்பி வருவாரு" என்று சமையலறையிலிருந்து பொதுவாகச் சொன்னாள்.

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதிருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாக நினைத்திருக்கலாம். அழுகை வரவில்லை. திங்கட்கிழமை யாரிடம், எந்த வார்த்தையில் சொன்னால் குறைவாகத் திட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையும் சொல்லவில்லை. பிரிவுத் தலைவரின் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். முதல் முறை அவர் போனில் இருந்தார். இரண்டாவது முறை சும்மாதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். நீள மேசை. ஒரு முனையில் பிரிவுத் தலைவர், அவர் பக்கத்தில் முன்னறிவிப்பாளர். அப்பா பதிவேட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். நான் சுவரோரம் இருந்த நாற்காலியில், குறிப்பெடுக்க.

"இந்த சென்சாரைச் சரிபார்த்தது நீங்கதானே?" என்றார் தலைவர்.

"ஆமா சார்."

"பதிவேட்டுல எல்லாம் சரியா இருக்கே?"

"எழுத்துல சரியா இருக்கு சார். ஆனா அன்னைக்கு ரெண்டு தடவ கரண்ட் போச்சு. நான் அவசரப்பட்டு அளவு எடுத்திருக்கலாம்."

"எடுத்திருக்கலாமா, எடுத்தீங்களா?"

"ஞாபகம் இல்ல சார்." அப்பா பதிவேட்டை மூடினார். "ஆனா மேடம் பாத்துச் சொல்லியிருக்காங்க. அவங்க படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்."

என் பக்கம் கையைக் காட்டினார். முகத்தை மட்டும் திருப்பவில்லை. நான் விரும்பியபடி, எட்டு மாதமாக நடந்துகொண்டபடி, கச்சிதமாக.

தலைவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "தப்பு நடந்திருக்கலாம்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இந்த தடவை கப்பலுக்கு வேற ஆளை அனுப்பறேன். மிச்ச சென்சாரையும் திரும்பச் சரிபார்க்கணும். வேற ஒண்ணும் பெருசா இல்ல."

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதவில்லை. உதறினார். மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடி உதறினார்.

அந்தப் பேனா முதல் தடவையே எழுதியிருந்தால் நான் பேசியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

"சார்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. முன்னறிவிப்பாளர் தன் பேனாவை அப்பாவிடம் நீட்டினார்.

"சார், 25.8 சரி."

தலைவர் நிமிர்ந்தார். "என்னம்மா?"

எழுந்து நின்றேன். நிற்கத் தேவையில்லை. "சென்சார்ல தப்பு இல்ல சார். கடல் நிஜமாவே குளிர்ந்திருக்கு. புயல் கலக்கினதால. இருபது மீட்டர்லயும் நாப்பது மீட்டர்லயும் அதே எண்தான் வந்திருக்கு. நான் அதைப் பாக்காமலே நாலு போட்டுட்டேன். காலிபரேஷன்னு எழுதினதும் நான்தான். யாரும் எழுதச் சொல்லல."

முன்னறிவிப்பாளர்தான் முதலில் கேட்டார். பெரிய குரல் இல்லை.

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"சனிக்கிழமை."

"இன்னைக்கு செவ்வாய்."

"ஆமா சார்."

"ஒரே ஒரு எண்ணும்மா" என்றார். "அது என் கைக்கு வந்திருந்தா அந்தப் புயல் சோர்ந்துடும்னு நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன். அத்தனை பேர் பச்சைக் குழந்தைங்களோட பள்ளிக்கூடத் தரையில படுத்திருக்க வேண்டாம்."

தலைவர் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதை என் பக்கம் நகர்த்துவார் என்று எதிர்பார்த்தேன். நகர்த்தவில்லை. "போய்க் குறியை மாத்திட்டு வா. எழுத்துல விளக்கமும் வேணும்" என்று மட்டும் சொன்னார். அப்பா முன்னறிவிப்பாளரின் பேனாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

நான் போய் மாற்றினேன். நான்கின் கீழே ஒன்று. கடந்த ஒரு வாரத்து எண்கள் ஐம்பத்தாறையும் ஒவ்வொன்றாக.

மாலையில் ஜெராக்ஸ் கடைக்குப் போகாமல் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் நின்றேன். அப்பா வந்தார். வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"தொட்டில கலக்கின்னு ஒண்ணு சுத்தும், தெரியுமா?" என்றார் திரும்பாமல்.

"தெரியாதுப்பா."

"சின்ன விசிறி மாதிரி. அதைப் போட மறந்துட்டா மேல ஒரு சூடு, அடியில ஒரு சூடு காட்டும். போட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். கடல்லயும் அதான நடந்திருக்கு?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ரெண்டு ரூம் தள்ளித்தானே இருந்தேன்."

பயமாக இருந்தது, வேலை அதிகம், நேரமில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். "தோணலப்பா" என்றேன். அதுதான் உண்மை. அவரிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ம்" என்றார். ஏன் தோன்றவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. பச்சை விழுந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் ஜெராக்ஸ் கடைக்கு முன் வேகம் குறைந்தது.

"போங்கப்பா" என்றேன்.

"இறங்கல?"

"இல்ல."

கேட்டைத் தாண்டி உள்ளே போனோம். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. எட்டு மாதமும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அம்மா பையைத் திரும்பக் கட்டினாள். திங்கட்கிழமை அப்பா கப்பலில் போனார். வியாழக்கிழமை காலை கப்பலிலிருந்து மின்னஞ்சல் வந்தது. வழக்கம்போல் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரதி.

'தரவுப் பிரிவு மேடம் அவர்களுக்கு. ஏழாம் மிதவை அருகில் வாளியில் நீர் எடுத்துக் கைத் தெர்மாமீட்டரால் பார்த்தது: 27.4. மிதவை சென்சார் காட்டுவது: 27.4. பார்த்துச் சொல்லவும்.'

மேடம் என்பதிலேயே என் கண் நின்றது. அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "கேலியாம்மா, வருத்தமா?" என்று கேட்டேன்.

"என்னைக் கேட்டா? அவரையே கேளுடி. கேக்காம பண்ணித்தானே இவ்வளவும் ஆச்சு" என்று வைத்துவிட்டாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கப்பலுக்கு எழுதும்போது 'ஐயா' என்று தொடங்குவதுதான் வழக்கம். எழுதினேன். அழித்தேன். 'அப்பா' என்று எழுதினேன். என் பதிலும் எல்லோருக்கும் போகும்.

'அப்பா, இரண்டும் சரி. ஒன்று போட்டிருக்கிறேன். கடல் இன்னும் எத்தனை நாளில் பழையபடி சூடாகும் என்று நினைக்கிறீர்கள்?'

அனுப்பினேன். அடுத்த மேசையில் இருந்தவர் திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்தும் பதில் வரவில்லை. ஏழாம் மிதவையில் பன்னிரண்டு மணிக்கு 27.4. மூன்று மணிக்கு 27.5.